பென்சன் காசோடு தீவுப்பக்கம் வந்து இருக்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நானும் மனைவியும் 2018இல் கனடாவின் ஸ்காபரோவிலிருந்து வெளிக்கிட்டு யாழ்ப்பாணத்துத் தீவுப்பக்கம், எங்கள் ஊருக்கே வந்துவிட்டோம். முதல் எட்டு மாதம் நெடுந்தீவு, அதன் பிறகு இன்றுவரை வேலணை. ஒவ்வொரு வருடமும் நல்லூர்த் தேர் முடிந்த கையோடு, விடுமுறைக்கு வந்த வெளிநாட்டுச் சனத்தில் இரண்டு மூன்று சோடியாவது எங்கள் விறாந்தையில் வந்திருந்து தேத்தண்ணி குடித்தபடி ஒரே கேள்விகளைக் கேட்பார்கள். வாய் நோகிறது, எழுதியே வைத்துவிடுகிறேன்.

நாங்கள் பெரிய உத்தியோகம் பார்த்தவர்கள் அல்ல. நான் தொழிற்சாலையில் மெசின் ஓட்டினேன், மனைவி ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் நின்றார். இதில் உள்ள கணக்கெல்லாம் அந்த அளவான வருமானத்துக்கு உரியது. ரொறன்ரோவில் இரண்டு வீடு வைத்திருப்பவர்களுக்கு இது தேவைப்படாது.

மாதம் எவ்வளவு இருந்தால் சமாளிக்கலாம்?

எங்கள் வீட்டுக் கணக்கையே சொல்கிறேன். இரண்டு பேர், சொந்த வீடு, கடன் இல்லை. அரிசி, மரக்கறி, மீன் எல்லாம் சேர்த்து மாதம் 55,000 ரூபாய். காஸும் கரண்டும் 10,000. போனும் இன்டர்நெட்டும் 6,000. மருந்தும் இரத்தப் பரிசோதனையும் 14,000. பஸ், ஓட்டோ, என் மோட்டார்சைக்கிளுக்குப் பெற்றோல் 18,000. வீட்டு வேலைக்கு வாரம் மூன்று நாள் வருகிற அக்காவுக்கும் வளவு துப்புரவாக்க வருகிறவருக்கும் 27,000. கோயில், கைமாற்று, இடைக்கிடை தவறணை என்று 15,000. கூட்டினால் 145,000 வரும்.

எங்கள் இருவரின் பென்சனும் கனடாவில் வரி கழிந்து 1,500 டொலருக்குச் சற்று மேலே வருகிறது. கனடா டொலர் 210, 220 ரூபாய் என்று நிற்கும்போது அது மூன்று இலட்சத்து இருபதாயிரம் ரூபாய். இதைச் சொன்னதும் வந்தவர்களின் முகம் மலர்ந்துவிடும். பாதிக்கு மேல் மிச்சம்!

மிச்சம் இல்லை. இங்கே வந்து கையைச் சுட்டுக்கொண்டவர்கள் எல்லோரும் மாதக் கணக்கை மட்டும் போட்டுக்கொண்டு வந்தவர்கள்தான். வருடத்தில் ஒருமுறை பிள்ளைகளைப் பார்க்கப் போய்வர இரண்டு ரிக்கற், அங்கே நிற்கும்போது கைச்செலவு, எல்லாம் 5,500 டொலர். ரூபாயில் அது 12 இலட்சத்துக்குக் கிட்ட. வீடு என்றால் ஓடு மாற்ற வேண்டும், கிணறு இறைக்க வேண்டும், தண்ணி மோட்டர் எரிந்து போகும். வருடம் 5 இலட்சம் ஒதுக்கினாலும் காணாத வருடம் உண்டு. கலியாணவீடு, செத்தவீடு, திருவிழா உபயம், மருமகளின் கம்பஸ் செலவு என்று இன்னொரு 3 இலட்சம். இவ்வளவும் போனால் வருட முடிவில் என் கையில் ஒரு இலட்சம் நிற்கும், அதுவும் நல்ல வருடத்தில். ஆகவே மாதம் எவ்வளவு என்று கேட்காதீர்கள். வருடம் எவ்வளவு என்று ஒரு கொப்பியில் எழுதிப் பாருங்கள். தனி ஆள் என்றால் மாதச் செலவு பாதியாகாது, மூன்றில் இரண்டு பங்குதான் ஆகும்.

கனடாப் பென்சன் இங்கே இருந்தால் தொடர்ந்து வருமா?

ஒன்று வரும், ஒன்று நிபந்தனையோடு வரும், ஒன்று நின்றுவிடும். மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் பிரச்சினை.

வேலை செய்து கட்டிய சி.பி.பி உலகத்தில் எங்கே இருந்தாலும் வரும். ஓ.ஏ.எஸ் என்கிற முதியோர் கொடுப்பனவு, 18 வயதுக்குப் பிறகு குறைந்தது 20 ஆண்டு கனடாவில் வாழ்ந்திருந்தால்தான் வெளிநாட்டுக்கு வரும். அதுவும் முழுத்தொகை 40 ஆண்டுக்காரர்களுக்கு. நான் 1988இல் போய் 30 ஆண்டு இருந்தபடியால் எனக்கு நான்கில் மூன்று பங்கு. 19 ஆண்டோடு வெளிக்கிட்டால் ஆறு மாதத்துக்குப் பிறகு ஒரு சதமும் வராது. ஒரு வருடம் பொறுத்திருந்து வந்திருக்கலாமே என்று தலையில் அடித்துக்கொண்ட ஒருவரை எனக்குத் தெரியும்.

மூன்றாவதுதான் முக்கியம். குறைந்த வருமானக்காரர்களுக்கு மேலதிகமாகத் தருகிற ஜி.ஐ.எஸ், ஆறு மாதத்துக்கு மேல் கனடாவுக்கு வெளியே நின்றால் நின்றுவிடும். எங்கள் ஆட்களில் பலர் நாற்பது வயதுக்கு மேல் போய்ச் சேர்ந்தவர்கள், கையில் காசு வாங்கிக்கொண்டு வேலை செய்தவர்கள். அவர்களுடைய மாத வருமானத்தில் பெரிய பங்கே இந்த ஜி.ஐ.எஸ்தான். வங்கிப் புத்தகத்தில் விழுகிற மொத்தத் தொகையைப் பார்த்துவிட்டு ஊர்க் கணக்குப் போடாதீர்கள். அதில் ஜி.ஐ.எஸ் எவ்வளவு என்று முதலில் பிரித்தெடுங்கள். "ஆறு மாதத்துக்கு ஒருக்கால் போய் முகத்தைக் காட்டிவிட்டு வரலாம்" என்று சொல்லித்தர ஆட்கள் இருப்பார்கள். பயணப் பதிவெல்லாம் கணினியில் கிடக்கிற காலம் இது. பிடிபட்டால் வாங்கியதைத் திருப்பிக் கட்ட வேண்டும்.

வரி என்று பார்த்தால், கனடாவில் வசிக்காதவரின் பென்சனில் வழக்கமாக 25 வீதம் கழிப்பார்கள். இலங்கையோடு இரட்டை வரி ஒப்பந்தம் இருப்பதால் அதைவிடக் குறைவாகவே எங்களுக்குக் கழிகிறது.

லண்டன், சுவிஸ் ஆட்களுக்கு?

லண்டன்காரருக்கு ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. அரச பென்சன் இலங்கைக்கு வரும், ஆனால் உறைந்துவிடும். அங்கே இருப்பவர்களுக்கு வருடாவருடம் கூடுகிற தொகை இங்கே இருப்பவருக்குக் கூடாது. 2025-26இல் முழுப் புதிய பென்சன் வாரம் 230.25 பவுண். அந்தத் தொகையோடு வந்திறங்கியவருக்கு 85 வயதிலும் அதே 230.25தான். குறைந்த வருமானக்காரருக்குத் தருகிற பென்சன் கிரெடிற்றும் நாட்டை விட்டால் நிற்கும். சுவிஸில் ஏ.எச்.வி என்கிற முதுமைப் பென்சனுக்கு மேலே தருகிற மேலதிக உதவியும் அப்படித்தான், எல்லை தாண்டி வராது.

வருடத்தில் ஒருமுறையோ இரண்டுமுறையோ நீங்கள் உயிரோடு இருக்கிறீர்கள் என்று ஒப்பமிட்டு அனுப்பச் சொல்லி ஒரு பத்திரம் வரலாம். தபால் பிந்தி வந்தால் பென்சன் நிற்கும். அதற்கு முன்னதாகவே, சாட்சியாக ஒப்பமிட ஒரு சமாதான நீதவானைப் பழக்கம் பிடித்து வையுங்கள். எங்கள் பக்கத்தில் ஒழுங்கைக்கு ஒருவர் இருக்கிறார்.

எந்த விசாவில் இருப்பது? பிரசாவுரிமை போய்விட்டதா?

வேறு நாட்டுப் பிரசாவுரிமை எடுத்த அன்றே இலங்கைப் பிரசாவுரிமை போய்விட்டது. ஊரில் பிறந்தோம், அடையாள அட்டை கிடக்கிறது என்பதெல்லாம் சட்டத்துக்குக் கணக்கில்லை.

வெளிநாட்டவருக்கு 55 வயதுக்கு மேல் தருகிற 'மை ட்ரீம் ஹோம்' விசா ஒன்று உண்டு. 15,000 அமெரிக்க டொலர் வைப்பில் போட்டு, மாதாமாதம் 1,500 டொலர் வெளியிலிருந்து கொண்டுவர வேண்டும், மனைவிக்கு இன்னொரு 750. என்னைப்போல ஆளுக்கு அது தோதுப்படாது. சாதாரண பென்சன்காரருக்குச் சரியான வழி இரட்டைப் பிரசாவுரிமைதான். 55 வயது தாண்டியிருப்பதே விண்ணப்பிக்க ஒரு தகுதி. பிறப்பு, விவாகச் சான்றிதழ்கள், இருக்கும் நாட்டுப் பொலிஸ் அறிக்கை எல்லாம் வேண்டும். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், கனடாக் கடவுச்சீட்டில் இன்னொரு பெயர் என்று எங்கள் ஆட்களில் முக்கால்வாசிப் பேருக்கு இருக்கும். அதை நேராக்காமல் வெளிக்கிட வேண்டாம். எனக்கு அப்பாவின் பெயரில் ஒரு எழுத்துப் பிழையால் ஏழு மாதம் இழுபட்டது.

கைக்குப் பிரசாவுரிமை வந்த பிறகு கடவுச்சீட்டுக்குக் கொழும்புவரை ஓட வேண்டியதில்லை. 2025 செப்ரெம்பரில் யாழ்ப்பாணக் கச்சேரியிலேயே (மாவட்டச் செயலகம்) அலுவலகம் திறந்துவிட்டார்கள்.

எந்தத் தீவு?

பாலம் உள்ள தீவா, வள்ளம் ஏற வேண்டிய தீவா என்று முதலில் தீர்மானியுங்கள்.

பாலத்தால் போகக்கூடியவை: பண்ணைப் பாலம் தாண்டி மண்டைதீவு, வேலணை, ஊர்காவற்றுறை, வேலணையிலிருந்து வாணர் பாலத்தால் புங்குடுதீவு, குடாநாட்டிலிருந்து பொன்னாலைப் பக்கத்தால் காரைநகர். வள்ளம் ஏற வேண்டியவை நயினாதீவு, நெடுந்தீவு, அனலைதீவு, எழுவைதீவு. நயினாதீவுக்கு நாகபூசணி அம்மனும் நாகவிகாரையும் இருப்பதால் படகு அடிக்கடி ஓடும், புங்குடுதீவின் குறிகட்டுவான் துறையிலிருந்து கால் மணித்தியாலம், இருபது நிமிடம். நெடுந்தீவு அப்படியல்ல. யாழ்ப்பாணத்திலிருந்து 776ஆம் இலக்க பஸ்ஸில் குறிகட்டுவான் வந்து, பிறகு கடலில் ஒரு மணித்தியாலம். படகுகள் விரலில் எண்ணக்கூடியவை. காலைப் படகைத் தவறவிட்டால் உங்கள் நாள் முடிந்தது.

மனைவியின் சீதன வீடு நெடுந்தீவில் இருந்தபடியால் அங்கே போனோம். முருகைக்கல் அடுக்கிய வேலிகள், பெருக்கமரம், கட்டாக்காலிக் குதிரைகள் எல்லாம் நீங்கள் படத்தில் பார்த்தவைதான். படத்தில் வராதது குறிகட்டுவான் துறை. ஒரு நாள் எனக்கு முன்னால் வரிசையில் நின்றவரிடம் ஒரு காஸ் சிலிண்டர், இரண்டு சீமெந்துப் பை, கூடைக்குள் கோழிக்குஞ்சு, ஒரு பிளாஸ்ரிக் கதவு. கதவைத் தலையில் வைத்துக்கொண்டு படகின் விளிம்பில் கால் வைத்தார், காற்று கதவைப் பாய்போலத் தூக்கியது, மூன்று பேர் பிடித்து இழுத்தோம். அந்தக் கதவு கடையில் விற்ற விலை வேறு, நெடுந்தீவு வீட்டு வாசலில் நிற்கும்போது அதன் விலை வேறு. பஸ், ஏற்றுகூலி, படகு, இறக்குகூலி, லேண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் என்று எல்லாப் பொருளும் அப்படித்தான் ஏறும். தூர இடம், ஆகவே மலிவு என்று நினைப்பவர்கள் இதை யோசிப்பதில்லை. அங்கே மீன் மலிவு, ஆட்டிறைச்சி மலிவு, காணி மலிவு. ஒரு ஆணி வாங்கினாலும் கடல் கடந்த விலை.

என்னிடம் கேட்டால், 65 தாண்டியவர்களுக்குப் பாலம் உள்ள தீவு. நெடுந்தீவில் இளவயதிலேயே வேர்விட்டு இருப்பவர்களின் கதை வேறு.

தண்ணீர் எப்படி?

இதைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் தகும். வீடு பார்க்கப் போகிறவர்கள் கூரையைப் பார்ப்பார்கள், குளியலறையைப் பார்ப்பார்கள், கிணற்றை எட்டிப் பார்த்து "தண்ணி நிறைய இருக்கு" என்று திருப்திப்படுவார்கள். நிறைய இருக்கும். வாயில் வைக்க முடியாது.

தீவுகளின் நிலத்தடியில் மழைநீர், கடல்நீருக்கு மேலே ஒரு மெல்லிய படையாக மிதக்கிறது. கீழே சுண்ணாம்புக்கல், அதற்குள் உவர்நீர். ஒரே வளவுக்குள் ஒரு கிணறு நல்ல தண்ணியாகவும் மற்றது சவராகவும் இருக்கும். எங்கள் வேலணை வளவில் அப்படித்தான் இரண்டு கிணறு. வந்த முதல் வருடம் நான் கனடா மூளையோடு நல்ல தண்ணிக் கிணற்றில் மோட்டர் பூட்டி, தென்னங்கன்றுகளுக்கு இரவிரவாக இறைத்தேன். மூன்றாம் கிழமை காலையில் மனைவி பருப்பு அவியவில்லை என்று சட்டியைக் கொண்டுவந்து காட்டினார். இரண்டு மணித்தியாலம் கொதித்தும் பருப்பு கல்லுப்போலக் கிடந்தது. கைகழுவினால் சவர்க்காரம் நுரைக்கவில்லை. அடுத்த வளவு ஐயா, எண்பது வயது, வேலிக்கு மேலால் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, மோட்டரை நிப்பாட்டும். கிணறு களைச்சுப் போச்சு."

பிறகுதான் ஒரு எஞ்சினியர் விளங்கப்படுத்தினார். நன்னீர் மட்டம் ஒரு அடி கீழே இறங்கினால், அடியிலிருக்கும் உவர்நீர் எல்லை ஏறத்தாழ 40 அடி மேலே ஏறுமாம். துலாவால் அள்ளிய காலத்தில் கிணறு ஆறுவதற்கு நேரம் இருந்தது, மோட்டர் அந்த நேரத்தைக் கொடுப்பதில்லை. என் கிணறு திரும்ப வாய்க்கு வர ஒரு மாரி முழுவதும் பெய்ய வேண்டியிருந்தது. அதுவரை பவுசர் வண்டியில் தண்ணி வாங்கினோம்.

ஆகவே வீடு பார்க்கிறவர்கள் ஆவணி, புரட்டாதியில் வாருங்கள், கிணறு அடியில் கிடக்கும் காலம். மார்கழியில் எல்லாக் கிணறும் இனிக்கும். அந்தக் கிணற்றுத் தண்ணியில் ஒரு பிடி பருப்பு அவித்துப் பாருங்கள், அதைவிட நல்ல பரிசோதனை எனக்குத் தெரியாது. 2024 ஆவணியில் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் ஒன்று திறந்தார்கள், நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர். ஆனால் உங்கள் ஒழுங்கைக்குக் குழாய் வந்துவிட்டதா என்று ஒழுங்கையில் போய்ப் பார்த்தபிறகு நம்புங்கள்.

காணி வாங்கலாமா? பழைய வீட்டில் யாரோ இருக்கிறார்களே?

வெளிநாட்டுப் பிரசை காணி வாங்க 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் இடம் தராது. இரட்டைப் பிரசாவுரிமை எடுத்தவருக்கு அந்தத் தடை இல்லை. தாய் தகப்பன் வழியில் உரித்தாக வருவதற்கும் தடை இல்லை. பலர் இந்த வித்தியாசம் தெரியாமல் மச்சானின் பெயரில் காணி வாங்கிவிட்டு, பிறகு மச்சானோடு கதைக்காமல் இருக்கிறார்கள்.

பெரும்பாலும் நீங்கள் வாங்கப் போவதில்லை. முதுசொம் காணி கிடக்கும், அதில்தான் சிக்கல். எங்கள் அப்பாவின் ஆறு பரப்பு (16 பரப்பு ஒரு ஏக்கர், கனடாவில் பிறந்த பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்) நான்கு சகோதரருக்குப் பிரிக்கப்படாத பங்கு. ஒருவர் பாரிஸில், ஒருவர் இங்கே, ஒருவர் காலமாகி அவர் பிள்ளைகள் ஜெர்மனியில். எல்லோரிடமும் அற்றோணித் தத்துவம் (அவர்கள் சார்பில் ஒப்பமிடும் அதிகாரம்) எடுத்து, அந்தந்த நாட்டுத் தூதரகத்தில் உறுதிப்படுத்தி, இங்கே பதிந்து, பங்கீட்டு உறுதி எழுத 14 மாதம் போனது. சண்டை இல்லாமலே 14 மாதம். பங்காளிகளுக்குத் தெரியாமல் பங்கை வெளியாளுக்கு விற்க நினைத்தால், யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டமான தேசவழமையின் முன்வாங்கும் உரிமை குறுக்கே வரும். மனைவியின் சீதனத்தை விற்பதானாலும் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். 1707இல் ஒல்லாந்தர் காலத்தில் எழுதிவைத்த வழக்கம், இன்றும் நொத்தாரிசு மேசையில் உயிரோடு இருக்கிறது.

வீட்டில் யாராவது இருந்தால் உடனே ஆளை எழுப்பப் பார்க்காதீர்கள். உரிமையாளருக்கு எதிராக, இடையூறில்லாமல் 10 ஆண்டு அனுபவித்தால் உரிமை கோரலாம் என்பது உண்மை. உங்கள் சம்மதத்தோடு இருப்பவருக்கு அது அவ்வளவு சுலபமாகப் பொருந்தாது. ஆனால் சம்மதத்தை எழுத்தில் வைத்தவர் எத்தனை பேர்? இன்னும் வெளிநாட்டில் இருப்பவர்கள் இந்த முறை வரும்போதே ஒரு தாளில் எழுதி இரண்டு பேரிடமும் ஒப்பம் வாங்குங்கள். இவ்வளவு காலமும் அந்த வீட்டில் விளக்கு வைத்தவர்கள் அவர்கள் என்பதையும் நினைத்துக் கதையுங்கள்.

கூரை வேலை விடுவதானால் முற்பணத்தை மொத்தமாகக் கொடுக்க வேண்டாம். எனக்கு ஓடு போட வந்தவர் மூன்று இலட்சத்தோடு போய் மாரி முடிந்துதான் போன் எடுத்தார். தார்ப்பாய்க்குக் கீழே தீபாவளி கொண்டாடினோம்.

இரவில் நெஞ்சு நொந்தால் என்ன செய்வது?

நாங்கள் நெடுந்தீவை விட்டதே இதனால்தான். 2018 ஆடி, சோளகக் காற்று கடுமையாக அடித்துக்கொண்டிருந்தது. இரவு பத்தரைக்கு மனைவிக்கு நெஞ்சுக்குக் கீழே பிடித்துக்கொண்டு வியர்த்துக் கொட்டியது. தீவு ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, உடனே யாழ்ப்பாணம் கொண்டு போகச் சொன்னார்கள். கடற்படையின் படகு வர ஒழுங்கு செய்தார்கள், படகு எழும்பி விழ அவரைப் பிடித்தபடி நான் தரையில் இருந்தேன், குறிகட்டுவானில் அம்புலன்ஸ். போதனா வைத்தியசாலைக் கட்டிலில் கிடத்தும்போது விடியப்புறம் இரண்டு மணி. மாரடைப்பு இல்லை, பித்தப்பைக் கல். ஒருவரிலும் குறை சொல்ல ஒன்றும் இல்லை, எல்லோரும் ஓடி ஓடிச் செய்தார்கள். கடல்தான் மூன்றரை மணித்தியாலம் எடுத்தது. அடுத்த மாதமே அப்பாவின் வேலணை வளவில் குடிசை போடத் தொடங்கிவிட்டோம்.

வேலணையிலிருந்து 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும், அரை மணித்தியாலத்தில் யாழ்ப்பாணம். அரசாங்க ஆஸ்பத்திரியில் சிகிச்சைக்குக் காசில்லை. காத்திருப்பு உண்டு, கட்டில் நெருக்கம் உண்டு, வீட்டார் ஒருவர் கூட நிற்க வேண்டும். பிரஷர், சீனி மருந்துகள் இங்கே மலிவு. விலை கூடியது தனியார் ஆஸ்பத்திரியும் ஸ்கேனும். ஒன்ராறியோக்காரர் ஒன்றை மறக்க வேண்டாம்: 12 மாதத்தில் 153 நாள் அங்கே நிற்காவிட்டால் ஓஹிப் என்கிற மாகாண மருத்துவக் காப்புறுதி போய்விடும். விடுமுறைக்குப் போகும்போது நீங்களும் பயணக் காப்புறுதி எடுக்கும் விருந்தாளிதான்.

ரூபாய் மறுபடி விழுந்தால் நல்லதுதானே?

2022ஐ இங்கே இருந்து பார்த்தவர்கள் இப்படிக் கேட்க மாட்டார்கள். அந்த வருடத் தொடக்கத்தில் கனடா டொலர் 160 ரூபாய், வைகாசியில் 280. கடதாசியில் நான் பணக்காரன். ஆனால் பெற்றோல் இல்லை, காஸ் இல்லை, பங்குனிக் கடைசியில் 13 மணித்தியாலக் கரண்ட் வெட்டு. மண்ணெண்ணெய் இல்லாமல் வள்ளங்கள் கரையில் கிடந்ததால் தீவில் மீனும் இல்லை. ஆடியில் பெற்றோல் பங்கீட்டுக்குக் கியூஆர் அட்டை வரும்வரை சைக்கிள்தான். செப்ரெம்பரில் கொழும்பு விலைவாசி முந்திய வருடத்தைவிட 69.8 வீதம் கூடியது.

பிறகு ரூபாய் எழும்பியது, விலை இறங்கவில்லை. நிலையான வெளிநாட்டுப் பென்சனுக்கு ஆபத்தான காலம் அதுதான். டொலர் 280இல் நின்றபோது அந்த வருமானத்தை நம்பி மாடி கட்டத் தொடங்கியவர்களின் தூண்கள் கம்பி துருத்திக்கொண்டு இன்னும் நிற்கின்றன. நான் கணக்குப் போடும்போது டொலருக்கு 180 என்றுதான் போடுகிறேன். வங்கி வட்டி 20 வீதத்துக்கு மேல் போனபோது கனடாச் சேமிப்பு முழுவதையும் கொண்டுவந்து ரூபாயில் போட்டவர்களும் உண்டு. இப்போது அதே வங்கி 8 வீதம் அளவில்தான் தருகிறது, வட்டியில் 10 வீதம் வரியும் பிடிக்கிறார்கள். எங்கள் பென்சன் கனடாக் கணக்கிலேயே விழுகிறது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை தேவையானதை மட்டும் எடுப்போம்.

கரண்ட், இன்டர்நெட்?

வேலணை, புங்குடுதீவில் பொதுவான மின் இணைப்பு. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவில் டீசல் இயந்திரங்கள். போன் சிக்னல் பேரப்பிள்ளையோடு வீடியோவில் கதைக்கக் காணும், மழை நாளில் முகம் கட்டம் கட்டமாகத் தெரியும்.

சொந்தக்காரர் காசு கேட்டால்?

கேட்பார்கள். கேட்காவிட்டால்தான் ஏதோ கோபம் என்று அர்த்தம். "வெளிநாட்டுக்காரர்" என்ற பெயர் ஐந்து வருடத்துக்கு உங்களை விடாது. மீன் சந்தையில் ஒரு விலை, ஓட்டோவில் ஒரு விலை. மீன் வாங்க நான் போவதில்லை, வேலைக்கு வருகிற அக்கா போவார், ஒரு பாரை மீனிலேயே நூறு, இருநூறு மிச்சம்.

உறவுக்குக் கொடுப்பதற்கு வருடத் தொடக்கத்தில் ஒரு தொகை ஒதுக்கிவிடுங்கள். பள்ளிக்கூடச் செலவுக்கும் மருந்துக்கும் கேட்டால் கொடுப்போம், மோட்டார்சைக்கிளுக்கும் வெளிநாடு அனுப்பும் ஏஜென்சிக்கும் கேட்டால் இல்லை. இதைச் சொல்லிப் பழக எனக்கு இரண்டு வருடம் எடுத்தது. மனைவி முதல் நாளே சொல்லிவிட்டார், அவருக்கு எதிரிகளும் குறைவு.

தனிமை இருக்குமா?

புங்குடுதீவில் நடந்து பாருங்கள். 1990, 91 இடப்பெயர்வோடு பூட்டிய வீடுகள், உள்ளே ஆலமரம் வளர்ந்த வீடுகள், வரிசையாக நிற்கின்றன. உங்களோடு படித்தவர்கள் எல்லோரும் ரொறன்ரோவிலும் பாரிஸ் லாச்சப்பலிலும் இருக்கிறார்கள். ஊருக்குத் திரும்புகிறோம் என்று வந்தால், நினைவில் இருக்கிற ஊர் ஸ்காபரோவில்தான் கூடுதலாக இருக்கிறது என்று சிலவேளை தோன்றும். புதிய ஆட்களோடு பழகத் தயாராக இருந்தால் பொழுது போகும். நான் வாசிகசாலையில் பின்னேரம் பேப்பர் படிக்கப் போகிறேன், மனைவி கோயில் மடப்பள்ளிக்குப் போகிறார். இரண்டுபேரும் முன்பு இருந்ததைவிட மெலிந்துவிட்டோம்.

சரிவராவிட்டால் திரும்பிப் போகலாமா?

போகலாம், அதற்கான காசு கையில் இருந்தால். இரண்டு ரிக்கற்றும், ஸ்காபரோவில் ஒரு பேஸ்மென்ற் அறைக்கு ஆறு மாத வாடகையும் வருகிற அளவு தொகையை நாங்கள் கனடா வங்கியில் தொடாமல் வைத்திருக்கிறோம். ஓஹிப்புக்குப் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், அங்கே நிலையாக இருக்கத் தொடங்கியபின் ஜி.ஐ.எஸ்ஸும் கேட்கலாம். முதல் இரண்டு வருடத்துக்கு அங்கே உள்ள தளபாடத்தை விற்றாலும் வங்கிக் கணக்கை மூடாதீர்கள், பிள்ளைகளின் விலாசத்தில் தபால் வரட்டும்.

எங்கள் குளிர் ஜக்கெற் இரண்டும் பூச்சி உருண்டை போட்டு ட்ரங்குப் பெட்டிக்குள் கிடக்கின்றன. வருடம் ஒருமுறை தை வெயிலில் கொடியில் போடுவோம், ஒழுங்கையால் போகிற பிள்ளைகள் நின்று பார்ப்பார்கள். போன முறை என்னுடையதன் பொக்கற்றுக்குள் ரொறன்ரோ பஸ் டோக்கன் ஒன்று கிடந்தது. 2019 கடைசியில் அதை அங்கே விற்பதை நிறுத்திவிட்டார்கள். மனைவி அதைச் சில்லறைப் போத்தலுக்குள் போட்டு மூடினார்.